பார்சலில் வந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் பாடவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 1980-களில் ஜப்பானில் தயாரான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சென்னையில் ஒருவரிடம் வாங்கினேன். வீடியோ அழைப்பில் பாட வைத்துக் காட்டியபோது நன்றாகவே இருந்தது. பார்சல் சர்வீஸ் மூலம் சேலத்துக்கு வந்த பிறகு இடப்பக்கம் ஒலி இல்லை. சத்தத்தை மிகவும் கூட்டினால் கரகரவென்று இரைந்துவிட்டு வருகிறது, குறைத்தால் மீண்டும் போய்விடுகிறது. விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? நானே கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: விற்றவரைப் பற்றிய முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், அவர் காட்டிய வீடியோவும் உண்மையாக இருக்கலாம், உங்கள் வீட்டில் நிகழ்வதும் உண்மையாக இருக்கலாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்பாக, செட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த அளவைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான செட்டுகள் 100 வோல்ட்டுக்கானவை. அவற்றை நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகும். பிறகு, இணைப்பு எதுவும் இல்லாத நிலையில் செட்டை இரு கைகளாலும் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளும் ஓசை கேட்டால், கழன்ற திருகாணி ஒன்று சர்க்யூட் போர்டின் மீது கிடக்கக்கூடும். அதை எடுக்கும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது.

அடுத்தது இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை. செட்டை அணைத்துவிட்டு, இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரின் முனையில் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். முன்பு பாடாத அதே ஸ்பீக்கர் இப்போதும் பாடவில்லை என்றால் குறை ஸ்பீக்கரிலோ ஒயரிலோ இருக்கிறது. மௌனம் மற்ற ஸ்பீக்கருக்குத் தாவினால் அதற்கு முந்தைய பகுதியில் இருக்கிறது. அப்படியானால் உள்ளீட்டுக் கேபிள்களையும் இதேபோல மாற்றிப் பாருங்கள். அதிலும் குறை இடம் மாறாவிட்டால்தான் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் மூடியைக் கழற்றுகிறவர்கள், நன்றாக இருக்கும் பாகத்தையும் கெடுத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றின் பின்புறத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்ற இரண்டு ஜோடித் துளைகள் இருக்கும். அவற்றை இணைப்பது ஹேர்பின் போல வளைந்த இரண்டு சிறிய உலோகத் துண்டுகள் மட்டுமே. பார்சலில் உரசி அவற்றில் ஒன்று விழுந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் ஊமையாகிவிடும். விழுந்த துண்டு பெரும்பாலும் அட்டைப்பெட்டியின் அடியில்தான் கிடக்கும் என்பதால், பெட்டியை எறிந்துவிடாதீர்கள். முன்பக்கத்தில் பேலன்ஸ் குமிழ் நடுவில் நிற்கிறதா, ‘டேப் மானிட்டர்’ பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு எல்லாக் குமிழ்களையும் சுவிட்சுகளையும் இருபது முப்பது முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினால், உள்ளே படிந்த களிம்பு ஓரளவு தேய்ந்து விலகும்.

இனி, தள்ளி வைத்த காரணத்துக்கு வருகிறேன். செட்டைப் போட்டதும் சில நொடிகள் கழித்து ‘டக்’ என்று கேட்கிறதல்லவா, அது ஸ்பீக்கர்களைத் தானாக இணைக்கும் சுவிட்சான ஸ்பீக்கர் ரிலேயின் ஓசை. அதன் தொடுமுனைகளில் களிம்பு ஏறியிருந்தால் குறைந்த சத்தத்தின் சிறிய மின்னோட்டம் அதைக் கடக்க இயலாது. சத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு பாய்கிறது. நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இதுதான். விற்றவர் சத்தமாக வைத்துக் காட்டியிருந்தால் அவருக்கே இந்தக் குறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ரிலேயை மாற்றுவது பெரிய செலவில்லை. தொடுமுனையில் உப்புத்தாளை மட்டும் தேய்க்க விடாதீர்கள், மேற்பூச்சு போய்விட்டால் களிம்பு முன்பைவிட விரைவாக ஏறும்.

ரிலே நன்றாக இருந்தால், மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்று சொல்லும், ஈயப் பற்றில் விழும் விரிசலைத் தேட வேண்டும். பல கிலோ எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மர் லாரியில் குலுங்கும்போது செட்டின் சேஸிஸும் அதோடு போர்டும் நெளிகின்றன. ஏற்கெனவே பல்லாண்டுகள் சூடாகி ஆறிய பற்றுகள் அப்போது விட்டுப்போகின்றன. கனமான பாகங்களின் கால்களையும் ஸ்பீக்கர் முனைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால், காலைச் சுற்றி முடியிழை அளவுக்குக் கருப்பு வளையம் தெரியும். மேல்மூடியை மெல்லத் தட்டும்போது ஒலி வந்துபோனால் இதையே உறுதியாகச் சந்தேகிக்கலாம்.

ஆனால் மூடியைத் திறக்கும் வேலையை, பழக்கம் இல்லாவிட்டால், நீங்கள் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பு வழியாகவே மின்சாரம் கொடுக்கும் சீரிஸ் போர்டில் செட்டைப் போட்டுப் பார்க்கும் மெக்கானிக்காகத் தேர்ந்தெடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அது ஸ்பீக்கர் காயிலை எரித்துவிடும்.

விற்றவருக்கு இன்றே எழுதுங்கள். குற்றம் சாட்டாமல், நீங்கள் செய்த சோதனைகளையும் பெட்டியின் நசுங்கிய மூலைகளின் படங்களையும் அனுப்பி, ரிலே மாற்றும் செலவில் பங்கேற்க முடியுமா என்று கேளுங்கள். பார்சல் ரசீதையும் பேக்கிங்கையும் விவகாரம் முடியும்வரை வைத்திருங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் இரட்டைப் பெட்டியில், இரண்டு பெட்டிகளுக்கும் இடையே எல்லாப் பக்கங்களிலும் சுமார் இரண்டங்குல ஃபோம் வைத்து அனுப்புங்கள்.