பாந்த்ரா கடற்கரையில் மாலை ஓவியம்: படம் ஏன் சேறாகிறது?

மாட்டுங்கா வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஞாயிறு மாலைகளில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் வாட்டர்கலர் வரைகிறேன். பாதியிலேயே வெளிச்சம் மாறிவிடுகிறது. சரிசெய்யப் போனால் படம் சேறாகிறது. என்ன செய்வது?

சரிசெய்யப் போவதுதான் கோளாறு. டிசம்பரில் மும்பையில் சூரியன் மறைவது சுமார் 6 மணிக்கு. 5 மணிக்கு ஒரு பாறையின் நிழல் அதன் உயரத்தைப் போல் நாலரை மடங்கு, 5.30க்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதை எந்தக் கை துரத்திப் பிடிக்கும்?

ஆகவே 4.45க்கு உட்கார்ந்ததும் நிழலை முடிவு செய்துவிடுங்கள். தீப்பெட்டி அளவில் பென்சிலால் ஒரு குறிப்புப் படம்: வெளிச்சம், நடுத்தரம், கருமை, மூன்றே சாயல். பிறகு எதிரே என்ன மாறினாலும் அந்தத் தீப்பெட்டியை மட்டும் பாருங்கள். தாள் 15க்கு 20 செ.மீ. போதும், 40 நிமிடத்தில் முடியவேண்டும். வானம் திடீரென்று செக்கச்செவேலென்று ஆகிவிட்டதா? வேறு தாளை எடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே அப்படித்தான், வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றிக்கொண்டே வரைந்தார்.

சேற்றுக்கு இன்னொரு காரணம் கடற்காற்றின் ஈரம். தாள் காய்ந்தது போலத் தெரியும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அப்போது தண்ணீர் கோத்த தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். ஈரமான ஆரஞ்சு வானத்தில் நீலம் இறங்கினால் சாம்பல்தான். தொடுவானில் நூலளவு தாளை உலர்ந்தபடி விட்டு, வானம் காயும்வரை கீழே பாறைகளைக் கவனியுங்கள். அந்தக் கரும்பாறைக்குக் கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தாலே வரும்.

மாலை வெயில் தாளையே மஞ்சளாக்குவதால் பூசிய மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, அள்ளிப் பூசுவோம். வீட்டு டியூப்லைட்டில் பார்த்தால் படத்துக்கு மஞ்சள் காமாலை! குடை நிழலில் தாளை வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

பேண்ட்ஸ்டாண்டில் மேற்கு பார்த்தால் சூரியன் முகத்தில் அடிக்கும். பாந்த்ரா கோட்டைக்குப் போய்த் தெற்கே சீ லிங்க் கடற்பாலத்தைப் பாருங்கள். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வரும், தூண்களில் வெயிலும் நிழலும் பிரிந்து நிற்கும்.

கிளம்புமுன் காலண்டரில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் கடல் நண்பகல் வாக்கில் ஏறி, மாலை ஆறு ஏழு மணிக்கு வற்றும். பாறைகள் முழுக்கத் தெரியும். அஷ்டமி பக்கம் பெரும்பாலும் மாலையில்தான் ஏற்றம், வரையத் தொடங்கிய பாறை முடிப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விடும். எந்த நாளானாலும் பாசிப் பாறையில் இறங்காமல் நடைபாதைச் சுவரிலேயே உட்காருங்கள்.