அளவுகடந்த குளிரில் வேதிவினை நின்றுவிடுமா? மூலக்கூறுகள் மோதுவதை நாம் கட்டுப்படுத்த முடியுமா?

நிற்காது. ‘வெப்பம் குறைந்தால் வினை வேகம் குறையும்’ என்று அர்ஹீனியஸ் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நானும். அது பிழையல்ல. ஆனால் தனிச்சுழி வெப்பநிலையை, அதாவது இயற்கையில் சாத்தியமான மிகக் குறைந்த வெப்பநிலையை, நெருங்கும்போது வினையைத் தீர்மானிப்பவை வேறு. இதை எனக்கு உணர்த்தியது, அமெரிக்காவின் போல்டர் நகரில் ஜிலா ஆய்வகத்தின் டெபோரா ஜின், ஜுன் யே குழுவினர் 2010-இல் வெளியிட்ட சோதனை.

பொட்டாசியம்-40, ருபீடியம்-87 அணுக்களைக் காந்தப்புலத்தாலும் லேசராலும் ஜோடி சேர்த்து, மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வெப்பநிலை சில நூறு நானோகெல்வின். ஒரு கெல்வினின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகெல்வின். இப்படிப்பட்ட இரண்டு மூலக்கூறுகள் நெருங்கிவிட்டால் அணுக்களை மாற்றிக்கொண்டு ஆற்றலை வெளிவிடும். வினையைத் தொடங்கிவைக்கும் கிளர்வு ஆற்றலே தேவையில்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அவை நெருங்குமா?

இந்த மூலக்கூறு ஒரு ஃபெர்மியான்; அதாவது, ஒரே குவாண்டம் நிலையில் தன்னைப் போன்ற இன்னொன்றோடு இருக்க முடியாத துகள் வகை. எல்லா வகையிலும் ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஃபெர்மியான்கள் நேருக்கு நேர் மோத முடியாது. ஒன்றையொன்று சுற்றியபடிதான் அணுக முடியும். அந்தச் சுழற்சி ஓர் ஆற்றல் தடையை எழுப்புகிறது. வெப்பநிலைக் கணக்கில் அதன் உயரம் 24 மைக்ரோகெல்வின், அதாவது 24,000 நானோகெல்வின். மூலக்கூறுகளிடம் இருக்கும் வெப்ப ஆற்றலைவிட அது பல மடங்கு அதிகம். தடையைத் தாண்டாமல், குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவிப் போனவை மட்டுமே வினைபுரிந்தன.

அடுத்து மூலக்கூறுகளை இரண்டு வெவ்வேறு அணுக்கருத் தற்சுழற்சி (ஸ்பின் எனும் குவாண்டம் பண்பு) நிலைகளில் கலந்து வைத்தார்கள். பிணைப்பு அதேதான், எலக்ட்ரான்களும் அப்படியேதான். ஆனால் இப்போது அவை ‘ஒன்றுபோல்’ இல்லை. தடை மறைந்தது, வினை 10 முதல் 100 மடங்கு வேகமானது! வேதியியல் வகுப்பில் அணுக்கருவின் தற்சுழற்சியை யாரும் பொருட்படுத்தியதே இல்லை. இங்கே அதுதான் வாசற்கதவைத் திறக்கிறது, மூடுகிறது. இந்த இடத்தை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மின்புலம் இன்னொரு கைப்பிடி. இம்மூலக்கூறுகளுக்கு ஒரு முனையில் சற்று நேர்மின்னூட்டம், மறுமுனையில் சற்று எதிர்மின்னூட்டம். தலையும் வாலுமாக வந்தால் ஈர்க்கும், பக்கவாட்டில் வந்தால் விலக்கும். மின்புலத்தைக் கூட்டக் கூட்ட, இருமுனைத் திறனின் (இந்த மின்னூட்டப் பிரிவின் அளவின்) ஆறாம் அடுக்கில் வினை வேகம் ஏறியது. திறன் இரட்டித்தால் 64 மடங்கு. 2011-இல் அதே குழுவினர், லேசர் ஒளியால் தோசைபோல மெல்லிய அடுக்குகள் அமைத்து மூலக்கூறுகளை அவற்றில் அடைத்தார்கள். மின்புலம் அடுக்குக்குச் செங்குத்து. பக்கவாட்டில் மட்டுமே சந்திக்க முடியும் என்றானதும், வினை வேகம் கிட்டத்தட்ட நூறில் ஒன்றாக விழுந்தது.

மூலக்கூறுகள் அழியாமல் இருந்தால்தான் மேலும் குளிர்விக்க முடியும். 2022-இல் ஜெர்மனியின் கார்ஷிங் நகர ஆய்வாளர்கள் மூலக்கூறுகள் மிக நெருங்கிவிடாதபடி நுண்ணலைகளைக் கவசமாக்கி, சோடியம்-பொட்டாசியம் மூலக்கூறுகளை 21 நானோகெல்வினுக்குக் கொண்டுபோனார்கள். 2024-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, அதே வகைக் கவசத்தால் சோடியம்-சீசியம் மூலக்கூறுகளை, எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றுசேரும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாகவே ஆக்கிவிட்டது. டெபோரா ஜின் அதைப் பார்க்கவில்லை. 2016-இல் 47 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.