குழாயும் கொலுசும்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். காலையில் போனில் பாட்டைப் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தால் ராத்திரி வரை ஓடும். இப்போது வரும் பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதே தெரிவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் திருடுகிறார்களா, இல்லை ஸ்வரங்கள் தீர்ந்துவிட்டனவா? எனக்கும் இசையமைத்துப் பார்க்க ஆசை. எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்?

ந., சேலம்

அன்புள்ள ந.,

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டு வக்கீல்கள் பாடு. ஸ்வரங்கள் தீரவில்லை. மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரம். அதில் மெட்டுப் போடுகிற இருவர் எங்காவது இடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். மேற்கத்திய பாப்பில் ஸ, ப, த, ம என்று நான்கு இடங்களில் நிற்கும் கார்டுகளையே, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களையே, சுற்றிச் சுற்றி எத்தனையோ பாட்டுகள் வந்துவிட்டன. நம் வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் ஏறக்குறைய ஒரே இழுவைதான். அதற்காகத் தொட்டிலையும் பாடையையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது 'போனில்' என்ற சொல். கொஞ்ச நாளாகவே மாமாவின் மைக் செட் ஞாபகமாக இருந்தது.

என் தாய்மாமா அம்மாபேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். 1980களில் ஏற்காட்டுக்கு மேலே மலைக்கிராமத் திருவிழாக்களுக்கு அவர்தான் போவார். 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் உருளாமல் மடியில் அணைத்துக்கொண்டிருப்பது என் வேலை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கட்டுவார். பாட்டைப் போட்டதும் எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். மலை 170 மீட்டர் தள்ளியிருந்தால் சத்தம் போய்வர ஒரு நொடி. "பாட்டு மேலயே பாட்டு ஏறுது பாருடா" என்று சொல்லிவிட்டு மறுபடி மரத்தில் ஏறி, குழாயை அரை முழம் திருப்புவார். சொல் தெளிந்ததும் இறங்கி பீடி பற்றவைப்பார். டிலே, ரிவெர்ப் என்று எதிரொலி வித்தைகளை இன்று காசு கொடுத்துப் படிக்கிறார்களே, எனக்கு அது அந்த மரத்தடியில் இலவசம்.

அந்தக் குழாயில் எல்லாப் பாட்டும் எனக்கு ஒரே பாட்டுத்தான். எல்லோருக்கும் தகரத் தொண்டை. அப்புறம் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில், பல்லவி சரணம் மனப்பாடமான ஒரு பாட்டைக் கேட்டேன். அடியில் யாரோ ஒருவர் தனியாக இன்னொரு மெட்டு வாசித்துக்கொண்டிருந்தார். பேஸ் கிதார், தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிதார். அத்தனை வருடமும் அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார், குழாய்தான் அவரை உள்ளே விடவில்லை. பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிரும். ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குழாய் ஒழுங்காகத் தராது.

உங்கள் போனுக்குள் இருப்பதும் அந்தக் குழாய்தான் தம்பி. சுண்டுவிரல் நகமளவு ஸ்பீக்கர், அதுவும் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில். அதில் கேட்டுவிட்டு ஒட்டுமொத்தமாகத் தீர்ப்பு எழுதுகிறீர்களே!

ஆனால் உங்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. நீங்கள் எதில் கேட்கிறீர்கள் என்பது பாட்டை மிக்ஸ் செய்கிறவருக்கும், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கிறவருக்கும், தெரியும். அடி ஸ்வரம் ஒலிக்காவிட்டாலும் அதன் அதிர்வின் இரண்டு, மூன்று மடங்குகள் ஒலித்தால் போதும், மூளை அடியைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸை வேண்டுமென்றே கரகரப்பாக்குகிறார்கள். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை நம் காது ரொம்பக் கூர்மை. குரலை அங்கே தூக்கி நிறுத்துகிறார்கள். அதன் பிறகு கம்ப்ரெஸர். அது உரத்த இடங்களை அமுக்கும். அமுக்கியதால் மேலே இடம் கிடைக்கும், உடனே மொத்தத்தையும் உயர்த்திவிடலாம். முணுமுணுப்பும் கூவலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். தாளம் கம்ப்யூட்டர் கட்டத்தில் அடிக்கு அடி இழுத்து ஒட்டப்படுகிறது. டிரம் சத்தம் எல்லோரும் வாங்குகிற, முன்பே பதிவு செய்த அதே சாம்பிள் தொகுப்பிலிருந்து. சுருதி பிசகினால் திருத்த 1997லிருந்தே ஆட்டோட்யூன் இருக்கிறது. இதில் எதுவும் பாவமில்லை. ஆனால் எல்லாவற்றையும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவில் செய்தால் உங்கள் காதில் விழுவதுதான் விழும். மெட்டு வேறாக இருந்தாலும் தொண்டை ஒன்றாகிவிடுகிறது.

அச்சைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரே அச்சில் அடித்த கொலுசுப் பூக்கள்தான், ஆனாலும் பற்றவைத்த இடத்தைப் பார்த்ததும் இது யார் கை என்று சொல்லிவிடுவீர்கள். அந்தக் கவனம் காதுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடம் அது இருப்பதால்தான் கேட்கிறேன்.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் வயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். பட்டறை விடுமுறை நாளில் ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, முதலில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை குரல் எவ்வளவு கிட்டே நிற்கிறது, அதைச் சுற்றி அறை இருக்கிறதா, மைதானமா என்று பாருங்கள். அப்புறம் சரணத்தில் எந்த வாத்தியம் வாயை மூடிக்கொண்டது என்று தேடுங்கள். மிக்ஸிங்கில் பாதி அதுதான், யாரை எப்போது சும்மா இருக்கச் சொல்வது.

மாமாவின் ஆம்ப்ளிஃபயர் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன மாதம் இறக்கித் துடைத்தேன். மேல் ஸ்வரங்களைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழைச் சுற்றி எழுதியிருந்த எண்கள் அவர் விரல் பட்டுப் பட்டு முழுக்க அழிந்துவிட்டன. பேஸ் குமிழின் எண்கள் கடையில் வாங்கிய அன்று போலவே இருக்கின்றன.