அவுட்பேக்கில் கூடாரப் பயணம்

கேள்வி: ஜூலையில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து அவுட்பேக் என்ற உள்நாட்டு வறண்ட பகுதி வழியாக உலுரு பாறை வரை காரில் போய், வழியில் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் பெட்ரோல். வழியில் வரும் கூபர் பீடி என்ற ஊருக்கு முன்னால் சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு ஒரு பங்க்கூடக் கிடையாது, அதனால் பாதி டேங்க் இருக்கிறதே என்று நினைக்காமல் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். கங்காரு திடீரென்று குறுக்கே பாயும், பிரேக் போட நேரமே இருக்காது. மூன்று டிரெய்லர்களை இழுத்து வரும் 53 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரியை முந்த அவசரமே வேண்டாம். ஜூலை அங்கே குளிர்காலம்; பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனால் விடிகாலையில் பல் கிட்டிவிடும், குளிர் பூஜ்யம் வரை இறங்கும். அப்புறம், உலுரு பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை, பூங்காவுக்கு வெளியே இருக்கும் யுலாரா என்ற ஊரில்தான் தங்கவேண்டும்.