ஈயம் பிடிக்கும் மின்தடைக் கம்பி எது?

கேள்வி: பழைய அடுப்பின் நிக்ரோம் சுருளை வெட்டிச் சுற்றுப்பலகையில் வைத்தேன். சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. என் கைக்குற்றமா?

பதில்: கையில் குற்றமில்லை. நிக்ரோமிலுள்ள குரோமியம் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடுப் படலம் போர்த்திக்கொள்ளும். சால்டர் ஒட்ட உதவும் வழக்கமான ரோசின் ஃப்ளக்ஸால் அதை அசைக்க முடியாது. அமில ஃப்ளக்ஸ் போட்டால் பிடிக்கும். ஆனால் கழுவாமல் விட்ட அமிலம் பலகையின் செம்பை அரித்துவிடும். நிக்ரோம்தான் வேண்டுமென்றால் திருகாணியில் இறுக்குங்கள், அல்லது பித்தளைக் குழலில் நசுக்கிப் பிடியுங்கள். சுற்றுவேலைக்குச் செம்பு கலந்த கான்ஸ்டன்டன், மாங்கனின் இரண்டுமே போதும். பள்ளி ஆய்வகத்தில் யுரேகா என்று சொல்லும் கம்பி கான்ஸ்டன்டன்தான். இவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் சாதாரண சால்டரே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: 5 ஆம்பியர் அளக்க ஷன்ட் (மின்னோட்டப் பாதையில் வைத்து அளக்கும் சிறு மின்தடை) செய்ய வேண்டும். எந்தக் கம்பி, எவ்வளவு நீளம்?

பதில்: 0.01 ஓம் வையுங்கள். 5 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் கிடைக்கும், வெப்பம் கால் வாட்தான். 1 மி.மீ. விட்டமுள்ள கான்ஸ்டன்டன் மீட்டருக்குச் சுமார் 0.62 ஓம்; ஆகவே 16 மி.மீ. போதும். கணக்கு எளிது, வம்பு சால்டரில்தான்: அது 1 மி.மீ. கூடுதலாக ஏறினாலே 6 சதவீதப் பிழை. அதனால் நீளத்தைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். பிறகு அரத்தால் கம்பியை மெல்ல ராவி மின்தடையை உயர்த்தலாம். மின்னழுத்தம் அளக்கும் இரண்டு ஒயர்களையும் மின்னோட்ட ஒயர்களோடு சேர்க்காமல் கம்பியிலேயே தனியாக வையுங்கள்.

துல்லியம் வேண்டுமானால் மாங்கனின். கான்ஸ்டன்டனும் செம்பும் சேருமிடத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் பிறக்கும். இரு முனைகளுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் 400. உங்கள் 50 மில்லிவோல்ட்டில் அது ஏறக்குறைய 1 சதவீதம். மாங்கனினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கேள்வி: செம்புக் கம்பியையே நீளமாகச் சுற்றினால் என்ன?

பதில்: 10 டிகிரி சூடேறினால் மின்தடை 4 சதவீதம் கூடும். வேண்டாம்.

கேள்வி: கடையில் பெயரில்லாத வெள்ளிநிறக் கம்பி தருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காந்தம் இழுத்தால் காந்தால் போன்ற இரும்புக் கலவையாக இருக்கலாம், ஈயம் பிடிக்காது. இழுக்காவிட்டால் ஒரு மீட்டர் வெட்டி அளந்து பாருங்கள். 0.5 மி.மீ. கம்பி ஐந்தரை ஓம் காட்டினால் நிக்ரோம். இரண்டரை ஓம் அளவில் இருந்தால் கான்ஸ்டன்டனோ மாங்கனினோ, தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.