தோங்காட் அலி, அமுக்கரா, நெருஞ்சில்: மருந்தாளரிடம் கேள்வி பதில்

செந்தூலிலிருந்து ஒருவர்: அண்ணே, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆண்மைக்கென்று வாங்கும் தோங்காட் அலி வேர்க் காப்பி அரை மணியில் வேலை செய்கிறது. நல்ல சரக்குதானே?

அதுதான் சந்தேகப்பட வேண்டிய சரக்கு, தம்பி. எந்த வேரும் அரை மணியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றாது. ஆய்வுகளில் வேரின் நீர்ச்சாற்றைத் தினம் 200 முதல் 400 மில்லிகிராம் வரை, வாரக்கணக்கில் கொடுத்துத்தான் சிறு உயர்வு தெரிந்தது. அதுவும் பெரும்பாலும் அளவு ஏற்கெனவே குறைந்திருந்தவர்களிடம். உடனே வேலை செய்தால் உள்ளே சில்டெனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) அல்லது அதே வகைத் தடலாஃபில் கலந்திருக்கும். மலேசியச் சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட காப்பிகளைப் பலமுறை பிடித்திருக்கிறது. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவும் மாறும். குடித்ததும் தலைவலி, மூக்கடைப்பு, முகச் சிவப்பு, பார்வையில் நீலம் தட்டுவது எல்லாம் அந்த மாத்திரையின் வேலை.

செராஸ்: அப்பா நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர். அவரும் இதைத்தான் குடிக்கிறார்.

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. நாக்கடி மாத்திரை நைட்ரேட் வகை. அதுவும் காப்பியில் கலந்த மருந்தும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் படாரென்று சரியும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், தடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. எது கலந்தது என்று தெரியாததால் 48 என்றே வையுங்கள். அதற்குள் நெஞ்சு வலித்தால் மாத்திரையை வைக்காமல் 999-ஐ அழையுங்கள். காப்பி குடித்ததை மறைக்காமல் சொல்லி, பொட்டலத்தையும் காட்டுங்கள். வெட்கப்படும் நேரமல்ல அது.

கெப்போங்: பதிவு எண் இருந்தால் நம்பலாமா?

எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி 8 இலக்கம், கடைசியில் டி (T) இருந்தால் பாரம்பரிய மருந்து. எண்ணை மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டி, பெயரும் தயாரிப்பாளரும் பொருந்துகிறதா பாருங்கள். எண்ணைத் திருடி ஒட்டுபவர்கள் உண்டு. பதிவு என்பது பாதுகாப்பும் தரமும் பார்த்ததற்குச் சான்று, பலன் தரும் என்பதற்கல்ல. தோங்காட் அலியின் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்றே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொன்னது. மரபணுச் சேதம் பற்றிய விலங்குச் சோதனை முடிவுகள்தான் காரணம்.

பிரிக்பீல்ட்ஸ்: நெருஞ்சில்? அமுக்கரா?

நெருஞ்சில் மனிதர்களிடம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றியதாக நம்பகமான சான்று இல்லை, காசு மிச்சம். அமுக்கராவுக்குச் சில சிறு ஆய்வுகளில் கொஞ்சம் உயர்வு உண்டு. ஆனால் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் தடையே போட்டது. கண் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர், அரிப்பு என்றால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

ஜிஞ்சாங்: எனக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவா என்று எப்படித் தெரியும்?

காலை 11 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாள்களில் ரத்தம் கொடுங்கள். மாலையில் எடுத்த ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொதுவாக லிட்டருக்கு 12 நானோமோலுக்கு மேல் கவலையில்லை, 8க்குக் கீழ் குறைவு, நடுவில் இருந்தால் மருத்துவர் மேலும் பார்ப்பார். முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் எடுத்தால் 3 நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவைப் பொய்யாக்கும். கூடவே சர்க்கரையையும் பாருங்கள். தொப்பையும் பலத்த குறட்டையும் இருந்தால் முதலில் அவற்றுக்கு வைத்தியம் தேடுங்கள்.