கர்பலா முதல் காதிஸிய்யா வரை: கேள்வி பதில்

கேள்வி: ஆஷூரா (முஹர்ரம் 10) ஒரே நாள்தான். சுன்னிகள் நோன்பு வைக்கிறார்கள், ஷியாக்கள் அழுகிறார்கள். ஏன்?

பதில்: ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10 (கி.பி. 680) அன்று கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டதை இரு தரப்பும் மறுப்பதில்லை. அவர் நபியின் பேரர். சுன்னிகளுக்கும் அது துயரமே. ஆனால் அவர்கள் வைக்கும் நோன்பு, மூஸா நபி (மோசே) எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து தப்பியதற்கான நன்றி. ஷியாக்களுக்கோ கர்பலா முடிந்துபோன விஷயமே அல்ல. 1978 டிசம்பரில் ஆஷூராவை ஒட்டி ஈரானில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கிளர்ச்சியில் ஈரான் மன்னர் ஷாவுக்குக் கிடைத்த பெயர் யஸீத்; ஹுசைனைக் கொன்ற படை யஸீத் என்ற கலீஃபாவுடையது.

கேள்வி: பழைய வரலாற்று நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, எதை நம்புவது?

பதில்: முரண்பாட்டை மறைக்காததே அவற்றின் சிறப்பு என்பேன். வரலாற்றாசிரியர் தபரீ (மறைவு 923) ஒரே நிகழ்வுக்குப் பல அறிவிப்புகளை, யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசையோடு அடுத்தடுத்து வைக்கிறார். ஏற்க முடியாதது ஏதும் இருந்தால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, நான் எடுத்துச் சொல்பவன் மட்டுமே என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். இன்று அதில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் உருவி, "தபரீயே சொல்லிவிட்டார்" என்று வாதாடுகிறார்கள். பாவம் தபரீ! 1377-இல் எழுதிய வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனுக்கு அறிவிப்பாளர் வரிசை மட்டும் போதவில்லை. மூஸா நபியின் படையில் 6 லட்சம் பேர் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் ஒரு களத்தில் நின்று போரிட இடம் ஏது, ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கேள்வி: வரலாற்றை அரசுகள் வளைப்பதற்கு ஓர் உதாரணம்?

பதில்: ஈரான்–ஈராக் போர் (1980–88). சுமார் 636-இல் அரபுப் படை சாசானியப் பாரசீகத்தை வென்ற களம் காதிஸிய்யா. ஈராக் அதிபர் சதாம் தன் போருக்கு அந்தப் பெயரையே சூட்டினார். ஈரானியரும் முஸ்லிம்கள், ஈராக்கியப் படையில் ஏராளமானோர் ஷியாக்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. எதிர்த்தரப்பு தன் தாக்குதல்களுக்கு 'கர்பலா' என்று பெயரிட்டு எண் போட்டது. 1987-இல் நடந்தது கர்பலா-5. கர்பலா நகரம் இருப்பதோ ஈராக்கில்! ஷா இன்னொரு வழியில் போனவர். 1976-இல் ஹிஜ்ரி சூரிய நாள்காட்டியை மாற்றி, பழம் பாரசீகப் பேரரசர் சைரஸ் காலத்திலிருந்து எண்ணச் சொன்னார். 1355 ஒரே தாவலில் 2535 ஆனது. எதிர்ப்பு முற்றியதும் 1978-இல் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: சிலுவைப் போரில் ஜெருசலேமை மீட்ட சலாஹுத்தீனை முஸ்லிம்கள் மறந்துவிட்டார்கள், ஐரோப்பியர்தான் நினைவூட்டினார்கள் என்பது சரியா?

பதில்: மிகை. அவருடன் இருந்த இப்னு ஷத்தாதே வரலாறு எழுதிவைத்திருக்கிறார். 1898-இல் ஜெர்மன் பேரரசர் டமாஸ்கஸில் சலாஹுத்தீனின் கல்லறைக்குப் போனது பெரிய செய்தியானது உண்மைதான். அதைவிட எனக்கு வியப்பு, குர்து இனத்தவரான அவரை 20-ஆம் நூற்றாண்டின் அரபு தேசியவாதிகள் அரபு வீரராகவே ஆக்கிக்கொண்டது.